காருக்கும் காலுக்கும் ஒரு கருவி

அத்தியாயம் பதினான்கு

சுரண்டையிலிருந்து ஒரு வாசகி கோபமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். "அந்தக் குழலிப் பிள்ளையின் தலையில் இன்னும் எத்தனை வாரம்தான் சிக்கெடுத்துக்கொண்டே இருப்பீர்கள்? சீக்கிரம் மொட்டை போட்டுவிடுங்கள், எனக்கே தலை அரிக்கிறது!"

அம்மா, என் கையில் என்ன இருக்கிறது? சாஸ்தா மனசு வைக்க வேண்டும்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். குழல்வாய்மொழிக்கு நாலு வயது. பிறந்த முடியை இன்னும் எடுக்கவில்லை. எடுத்தால் குலதெய்வத்தின் முன்னால்தான் எடுப்பேன் என்று அவள் அம்மா விஜயஸ்ரீ நேர்ந்துகொண்டிருக்கிறாள். சிக்கல் என்னவென்றால் அந்தக் குலதெய்வம் இருக்கும் இடம் வீட்டில் யாருக்கும் தெரியாது. விஜயஸ்ரீயின் மாமனார் கோமதிநாயகம் நாற்பது வருஷத்துக்கு முன்பு பங்காளிகளோடு மனஸ்தாபப்பட்டுப் பம்பாய்க்கு ரயில் ஏறியவர். தன் சாஸ்தா எந்தக் காட்டில் இருக்கிறார் என்று ஒரே மகன் குமரகுருபரனுக்குக்கூடக் காட்டாமல் கண்ணை மூடிவிட்டார். ஓடைக்கரை சாஸ்தா, காது உடைந்த மண்குதிரை என்று ஒரு பழைய காகிதத்தில் அவர் எழுதிவைத்திருந்தது மட்டும்தான் மிச்சம். பங்குனி உத்திரத்தன்று திருநெல்வேலிச் சீமையே பானையும் அரிசியுமாகத் தத்தம் சாஸ்தாவைத் தேடிப் புறப்படும்போது, போக இடமில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய அவமானம் என்று நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

இரண்டு வாரத்துக்கு முன்புதான் விடிவு வந்தது. விஜயஸ்ரீயின் அண்ணன் கணேஷ்ராம், தளவாய் என்கிற ஆடு மேய்ப்பவரின் பின்னாலேயே குறுக்கு வழியாக நடந்து போய், ராதாபுரத்துக்குத் தெற்கே ஓர் உடைமரக் காட்டுக்குள் அந்த ஓடைக்கரை சாஸ்தாவைக் கண்ணால் கண்டான். இடத்தைக் கருவியில் குறித்துக்கொண்டும் வந்தான்.

நாளைக்குப் பங்குனி உத்திரம். கப்பலில் அதிகாரியாக இருக்கும் குமரகுருபரன், பம்பாயிலிருந்து வரும் தன் தாயார் ஆவுடைத்தாயை அழைத்துவரச் சென்னைக்குப் போயிருக்கிறான். இருவரும் நாளைக் காலை நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்குகிறார்கள். பத்தரை மணிக்குள் குழலி தாய்மாமன் மடியில் உட்கார்ந்து முடி இறக்க வேண்டும். மறுநாள் குமரகுருபரன் கப்பலேறிவிடுவான். பிறகு ஒன்பது மாதம் கடல்தான். நாளைக்குத் தவறினால் இன்னொரு வருஷம். ஜூனில் பள்ளிக்கூடம் சேரும் பிள்ளை, இடுப்பு வரை தொங்கும் சிக்குத் தலையோடு போய் நிற்க வேண்டியதுதான்.

இனி, இன்றைய காலைக்குப் போவோம்.

பாளையங்கோட்டை வீட்டின் சாப்பாட்டு மேசையில், இட்லித் தட்டுகளுக்கு நடுவே இரண்டு கருவிகள் கிடந்தன. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களைப் பிடித்து, நாம் நிற்கிற இடத்தை எண்ணாகச் சொல்லும் ஜி.பி.எஸ். என்னும் அதிசயம். இரண்டையும் சிங்கப்பூரில் வாங்கி வந்தவன் குமரகுருபரன். ஒன்று மைத்துனன் கணேஷ்ராமின் டிராவல்ஸுக்கு. இன்னொன்று புன்னக்காயலில் விசைப்படகு வைத்திருக்கும் அவன் சிநேகிதர் மச்சாதுக்கு. எது யாருக்கு என்பதை ராஜராஜேஸ்வரி முடிவு செய்ய வேண்டும். இன்று மாலை ஐந்து மணிக்கு மச்சாது வந்துவிடுவார்.

ராஜராஜேஸ்வரி கணேஷ்ராமின் மனைவி. டிராவல்ஸ் பெயர்ப்பலகையில் இருப்பது அவன் பெயர். உள்ளே நாற்காலியில் இருப்பது இவள். இந்தத் தொடரில் உங்களுக்கு யார் மேல் பிரியம் என்று என்னைக் கேட்டால் ஒளிக்காமல் சொல்வேன். இவள் மேல்தான்.

டில்லி, பம்பாய், சிங்கப்பூர் என்று சிதறிப்போன குடும்பங்கள் தங்கள் சாஸ்தாவைத் தேடிக்கொண்டு வந்தால், கார் எடுத்துக் கூட்டிப்போய்க் காட்டுவது அவள் கண்டுபிடித்த தொழில். நூற்று நாற்பது சாஸ்தாக்களின் அடையாளம் அவள் நோட்டில் இருக்கிறது. "கார் போற வரைக்கும் பாதி சாமிதான். மீதி சாமி நடந்தாத்தான் கெடைக்கும்" என்பாள். அதனால் காரிலும் உதவ வேண்டும், முள்ளுக்குள் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாலும் உதவ வேண்டும், அப்படி ஒரு கருவிதான் அவளுக்கு வேண்டும்.

"ராஜி, இந்தப் பெரிசப் பாரு. படம் போட்டுக் காட்டுது. இந்தியாவே தெரியுது!" என்றான் கணேஷ்ராம்.

அவள் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தாள். "இந்தியா தெரியுது, சரி. ராதாபுரம் எங்கன இருக்கு?"

"ராதாபுரம்... இல்ல."

"வள்ளியூரு?"

"அதும் இல்ல. ஆனா தூத்துக்குடி இருக்கு பாரு!"

"தூத்துக்குடிக்குப் போக எனக்கு ரோடு தெரியும் அத்தான். தெரியாத எடத்துக்குப் போகத்தான இது வேணும்?"

விஜயஸ்ரீ சிரித்துவிட்டாள். பாவம், பத்து நாளாகத் தூக்கமில்லாத பெண். "மதினி, ரெண்டுலயும் அந்த எடத்தோட நம்பர் இருக்கு. அண்ணன் பெரிசுல குறிச்சத நானே சின்னதுலயும் போட்டுட்டேன்" என்றாள்.

"அப்ப ரெண்டையும் கொண்டுபோவோம். எது நம்மளச் சாஸ்தாகிட்டக் கொண்டுபோய் விடுதோ, அது நம்ம வீட்டுல இருக்கட்டும். இன்னைக்கே போயி எடத்தச் சுத்தம் பண்ணி வச்சுட்டு வந்துருவோம்" என்றாள் ராஜராஜேஸ்வரி.

ஒரு வாரமாக அவள் அந்த இரண்டையும் படுத்திய பாடு கொஞ்சமில்லை. மொட்டை வெயிலில் பிடித்து எழுத்துத் தெரிகிறதா என்று பார்த்தாள். மாவு பிசைந்த கையால் பொத்தானை அழுத்திப் பார்த்தாள். அணைத்துவிட்டு மறுபடி போட்டால் எத்தனை நிமிஷத்தில் கோள்களைப் பிடிக்கிறது என்று கடிகாரம் வைத்துக் குறித்தாள். கார் வாங்குகிறவர்கள்கூட இவ்வளவு பார்ப்பதில்லை. நோட்டின் இடது பக்கத்தில் 'காரில்' என்றும் வலது பக்கத்தில் 'காலில்' என்றும் எழுதிக் கோடு போட்டிருந்தாள்.

எட்டு மணிக்கு அம்பாசடர் புறப்பட்டது. குழலி பின்சீட்டில் அம்மா மடியில். விளக்குமாறு, மண்வெட்டி, தண்ணீர்க்குடம் எல்லாம் டிக்கியில்.

காரைப் பொறுத்தவரை பெரியது ராஜாதான். கண்ணாடிக்கு அடியில் அதை உட்காரவைத்து, கணேஷ்ராம் தானே இழுத்த கம்பியில் சொருகியிருந்தான். பெரிய பெரிய எழுத்து. ஓட்டுகிறவன் குனிய வேண்டாம். சின்னதும் சும்மா இல்லை. நிமிர்ந்து நின்றிருந்த அதன் திரை, ஒரு பொத்தானை அழுத்தியதும் காருக்கு ஏற்றபடி குறுக்கே படுத்துக்கொண்டது. அந்த வித்தையைக் குழலி பத்துத் தடவை செய்யச் சொன்னாள். ராஜராஜேஸ்வரி இடது பக்கத்தில் நியாயமாகவே மார்க் போட்டாள். பெரியதுக்குப் பத்துக்குப் பத்து. சின்னதுக்கு ஏழு.

நாங்குநேரி, வள்ளியூர் வரை தெரிந்த ரோடு. அதற்குப் பிறகுதான் ஆட்டம். இரண்டு கருவியும் அம்புக்குறி போட்டு நேராக ஒரு திசையைக் காட்டும். வழி காட்டாது. காக்கைக்குச் சரி, காருக்கு எப்படி? ஒரு குளத்தங்கரையில் அம்பு தண்ணீருக்கு நடுவே போகச் சொன்னது.

"மாமா, நம்ம காரு நீந்துமா?" என்று கேட்டாள் குழலி.

"ஒன் அத்தை சொன்னா நீந்தும்" என்றான் கணேஷ்ராம்.

ராஜராஜேஸ்வரிதான் உபாயம் கண்டுபிடித்தாள். "அம்பப் பாக்காதீங்க அத்தான். தூரத்த மட்டும் பாருங்க. கொறைஞ்சுக்கிட்டே வந்தா நல்ல பாதை. கூட ஆரம்பிச்சா பைய நிறுத்தித் திருப்புங்க."

அப்படியே செய்தார்கள். பிரிவு வரும் இடமெல்லாம் ஒரு பர்லாங் போய்ப் பார்ப்பது, எண் கூடினால் திரும்புவது. டீக்கடையில் வழி கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டார்கள். ஓடைக்கரை சாஸ்தா என்றதும் கடைக்காரர் சிரித்தார். "எந்த ஓடைக்கரை சாஸ்தா? இங்கன நாலு பேரு இருக்காவ. ஒங்களுக்கு யாரு வேணும்?" வழி தெரிந்த தளவாயோ ஆட்டை ஓட்டிக்கொண்டு சேரன்மகாதேவிப் பக்கம் அறுவடையான வயல்களில் கிடை போடப் போய்விட்டார். எந்த வயல் என்று அவர் ஆடுகளுக்குத்தான் தெரியும்.

பனங்கூட்டமும் காற்றாலைகளும் தாண்டி, பதினொரு மணிக்கு வண்டிப்பாதை முடிந்தது. எதிரே உடைமரக்காடு. குடை பிடித்த மாதிரி விரிந்த தலையும், விரல் நீள வெள்ளை முள்ளும். எந்தப் பக்கம் பார்த்தாலும் அதே மரம், அதே முள். கருவி அறுநூற்று நாற்பது மீட்டர் என்றது.

கணேஷ்ராம் பெரியதைக் கம்பியிலிருந்து பிடுங்கி இரு கையாலும் ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தான். இருநூறு மீட்டர் போவதற்குள் திரை மங்கி அணைந்துவிட்டது. ராத்திரி பூராவும் அதை நோண்டிக்கொண்டிருந்தவன் அவன்தான். அதற்குப் போடும் பேட்டரி தனி ஜாதி. சிங்கப்பூரில்தான் கிடைக்கும்.

சின்னதுக்கு நாலு பென்சில் செல் போதும். எந்தப் பெட்டிக்கடையிலும் உண்டு. ராஜராஜேஸ்வரியின் முந்தானையில் எட்டு செல் முடிந்திருந்தது. சின்னதைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் போனாள்.

முந்நூறு. நூற்றைம்பது. அறுபது. விஜயஸ்ரீ பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். இருபது. பத்து.

நின்றார்கள். அங்கே ஒரு வயசான உடைமரமும் அதன் அடியில் ஒரு தட்டைக் கல்லும் இருந்தன. வேறு எதுவும் இல்லை. சாஸ்தா இல்லை, பீடம் இல்லை, மண்குதிரை இல்லை.

"நூறு மீட்டர் முன்னப் பின்ன காட்டும்னு ஒங்க வீட்டுக்காரர் சொன்னாவல்லா? கோள விட்ட அமெரிக்கப் பட்டாளத்துக்காரன் வேணும்னே கணக்கக் கலக்கி விடுதான்னு?" என்றாள் ராஜராஜேஸ்வரி. சுற்றிலும் நூறு மீட்டர், முள்ளுக்குள் குனிந்து குனிந்து தேடினார்கள். சேலை கிழிந்தது. கணேஷ்ராமின் முழங்கையில் ரத்தம் வந்தது. ஒரு மணி நேரம் ஆனது. ஒன்றுமில்லை.

"மிஷினு பொய் சொல்லுது" என்றான் கணேஷ்ராம்.

விஜயஸ்ரீ தட்டைக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையை அடக்க அவளால் முடியவில்லை. "அண்ணே, நிசமாச் சொல்லு. நீ அன்னைக்குக் கோயிலப் பாத்தியா? இல்ல என் மனசு ஆறட்டும்னு சும்மாச் சொன்னியா?"

கணேஷ்ராம் முகம் செத்துப்போயிற்று. "ஏட்டி, சாமி காரியத்துல நான் பொய் சொல்லுவனா? காது ஒடைஞ்ச மண்குதிரை நின்னுது. ஒம் மாமனார் அந்தப் பழைய காயிதத்துல எழுதியிருந்தாவல்லா, அதே குதிரை. என் கண்ணால பாத்தேன் விஜி."

அண்ணன் தங்கை இருவரும் அழுகிற நிலைக்கு வந்துவிட்டார்கள். இந்த இடத்தில்தான் நான் ராஜராஜேஸ்வரிக்குக் கும்பிடு போடுகிறேன். அவள் புருஷனையும் திட்டவில்லை, கருவியையும் திட்டவில்லை. கணேஷ்ராமின் இடுப்பு பெல்ட்டில் தொங்கிய கருவியின் உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல மாட்டுத்தோல் உறை.

"அத்தான், அன்னைக்குச் சாமிக்கு முன்னால போகும்போது இந்தப் பெட்டி எங்க இருந்துச்சு?"

"எங்க இருந்துச்சுன்னா... தோலாச்சே. தளவாய் அண்ணாச்சி கோயில் பக்கமே கொண்டுவரக் கூடாதுன்னுட்டாரு. பெல்ட்டு, மணிபர்ஸு, செருப்பு எல்லாத்தையும் கழத்தி வச்சேன். அதோட இதையும் வச்சேன்."

"எங்கன வச்சீங்க?"

"ஒரு மரத்தடியில. தட்டக் கல்லு ஒண்ணு..."

"பொத்தான எப்ப அமுக்குனீங்க?"

"சாமி கும்பிட்டுத் திரும்பி வந்து, செருப்பப் போட்டேன். பெல்ட்டக் கெட்டுனேன். அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. அமுக்கினேன்."

விஜயஸ்ரீ தான் உட்கார்ந்திருந்த கல்லைக் குனிந்து பார்த்தாள்.

ராஜராஜேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வானத்துல இருவத்தி நாலு கோளு ராப்பகலா சுத்துது. எதுக்கு? எங்க அத்தான் செருப்புக்குக் காவல் இருக்க!"

உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. கருவி இரண்டுமே உண்மையைத்தான் சொல்லியிருந்தன. பயபக்தியான நம் ஆள்தான் சாமியை விட்டுவிட்டுச் செருப்பைக் குறித்துவிட்டான். கணேஷ்ராமும் சிரித்தான். சிரித்து முடிந்ததும் பழைய கவலை திரும்பி வந்தது. இங்கிருந்து எந்தப் பக்கம்? எவ்வளவு தூரம்?

"தெரியலயே ராஜி. தளவாய் முதுகப் பாத்துக்கிட்டே போனேன். எல்லா மரமும் ஒண்ணு போல இருக்கு."

"வெயிலு எங்க இருந்துச்சு?"

"சாயந்தரம் நாலு மணி. முதுகுல சுள்ளுனு அடிச்சுது."

"அப்ப கெழக்கப் போயிருக்கீங்க. சரி. செருப்பக் கழத்துங்க."

"என்னது?"

"அன்னைக்கு வெறுங்காலோடதான போனீங்க? ஒங்களுக்கு மறந்திருக்கும். ஒங்க காலுக்கு மறந்திருக்காது. கழத்திட்டு முன்னால நடங்க."

பங்குனி வெயிலில், உச்சிவேளையில், உடைமுள்ளில் வெறுங்கால். தங்கச்சிக்காக என்றால் நெருப்பிலும் நடப்பான் கணேஷ்ராம். செருப்பையும் பெல்ட்டையும் அதே கல்லில் வைத்துவிட்டுக் கிழக்கே திரும்பினான். ராஜராஜேஸ்வரி பின்னாலேயே சின்னக் கருவியோடு போனாள். அதில் ஒரு வசதி. நாம் நடந்த தடத்தைப் புள்ளி புள்ளியாகத் திரையில் வைத்துக்கொண்டே வரும். காட்டுக்குள் எத்தனை தடவை தொலைந்தாலும் அந்தப் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு புறப்பட்ட கல்லுக்கே திரும்பி வரலாம்.

முதல் தடவை நூற்றிருபது மீட்டர் போனதும் கணேஷ்ராம் நின்றான். "இது இல்ல ராஜி. இங்கன பூரா சரளா இருக்கு. அன்னைக்கு இவ்ளோ நேரம் சரளு குத்தல."

திரும்பினார்கள். கல்லிலிருந்து கொஞ்சம் வடக்கே ஒதுங்கி இரண்டாவது தடவை. அதுவும் இல்லை. மூன்றாவது தடவை தெற்கே ஒதுங்கினார்கள். திரையில் மூன்று கோடுகள் கோழிக்கால் மாதிரி விரிந்திருந்தன. அறுபது மீட்டர் சரள். பிறகு முள். கணேஷ்ராம் ஒரு காலைத் தூக்கி, மறுபடி வைத்து, அப்படியே நின்றான்.

"மணலு."

"என்ன அத்தான்?"

"மணலு மாறுது ராஜி! இங்கனதான். கொதிக்கிற மணலு. அன்னைக்கு அய்யோன்னு குதிச்சேன், தளவாய் சிரிச்சாரு. இது ஓடை மணலு!"

வறண்ட ஓடைதான். முள்மறைவில் இருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை, காலுக்குத் தெரிந்துவிட்டது. ஓடைக்குள் இறங்கிக் குதித்துக் குதித்து ஓடினான் கணேஷ்ராம். வளைவு திரும்பியதும் அவன் குரல் மட்டும் கேட்டது. "விஜி! ஏட்டி விஜி! ஓடி வா!"

காது உடைந்த மண்குதிரை. அதற்குப் பின்னால், புங்கமரத்து நிழலில், தேவியர் பூரணை புஷ்கலையோடு சாஸ்தா.

விஜயஸ்ரீ குழலியை இறக்கிவிட்டு அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். நாலு வருஷ பாரம் அந்த மண்ணில் இறங்கியது. கணேஷ்ராம் ஒரு காலில் நின்று முள் பிடுங்கிக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

ராஜராஜேஸ்வரி செய்ததைக் கேளுங்கள். செருப்பை எப்போதோ கழற்றி ஓடைக்கு அந்தப் பக்கமே விட்டிருந்தாள். சின்னக் கருவிக்கும் ஓர் உறை உண்டு, அது துணி உறை. இருந்தாலும் அதையும் கழற்றி வைத்தாள். வெறும் கருவியைப் பூத்தட்டு ஏந்துவது போல ஏந்தி, சாஸ்தாவுக்கு நேர் எதிரே பத்து நிமிஷம் அசையாமல் நின்றாள். எண்கள் ஆடி அடங்கட்டும் என்று காத்திருந்து, பிறகுதான் பொத்தானை அழுத்தினாள். பெயர் வைக்க ஆறு எழுத்துக்குத்தான் இடம். குழலியின் பெயரை இங்கிலீஷில் ஆறு எழுத்துக்குள் அடக்கிவிட்டாள்.

"பெரிசு மச்சாது அண்ணாச்சிக்குப் போகட்டும் அத்தான். படகுல பெரிய பேட்டரி இருக்கு, கடல்ல முள்ளும் கெடையாது. அவருக்கு அதுதான் சரி. நமக்கு இது போதும்" என்றாள். கணேஷ்ராம் தலையாட்டினான். வெறுங்காலில் நின்றுகொண்டு என்ன மறுத்துப் பேச முடியும்?

அப்போதுதான் கவனித்தார்கள். சுத்தம் பண்ண விளக்குமாறோடு வந்தார்கள் அல்லவா? இடம் ஏற்கனவே கூட்டிக் கிடந்தது. பீடத்தில் ஈரச் சுண்ணாம்பு. புங்கமரத்துக்குப் பின்னாலிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், கையில் சுண்ணாம்பு மட்டையோடு வந்தாள்.

"யாரும்மா நீங்க? எந்த அடுப்பு?" என்று கேட்டாள்.

"அடுப்பா?" என்றாள் விஜயஸ்ரீ.

அந்த அம்மாள் மட்டையை நீட்டிக் காட்டினாள். மரத்தைச் சுற்றி மூன்று மூன்று கல்லாக அடுப்புகள். "ஒம்பது பங்காளிக்கு ஒம்பது அடுப்பு. அது தெரியாம உத்திரத்துக்கு முந்தின நாளு இங்கன வந்து நிக்கியளே?"

"நான் கோமதிநாயகம் மருமவ."

சுண்ணாம்பு மட்டை கீழே விழுந்தது. "பம்பாய்க்காரரு மருமவளா? யாத்தே! நான் பேச்சித்தாய். ஒம் மாமனாருக்குச் சித்தப்பா மவன் பெஞ்சாதி. ஒனக்கு அத்தை முறை. வாம்மா, இங்கன வா!" கையைப் பிடித்துக் கடைசி அடுப்புக்கு இழுத்துப் போனாள். அதிலும் விறகு அடுக்கியிருந்தது. கல்லுக்குப் புதுச் சுண்ணாம்பு பூசியிருந்தது. "இதுதான் ஒங்க அடுப்பு."

விஜயஸ்ரீ குனிந்து விறகைப் பார்த்தாள். "நாப்பது வருசமா யாருமே வரலியே அத்தை?"

"வரலன்னா? சாமி முன்னால ஒரு அடுப்பு அவிஞ்சு கெடக்கலாமா? சண்ட மனுசங்களுக்குள்ள. அடுப்பு என்ன செஞ்சுது? ஆளுக்கொரு வருசம்னு முறை வச்சு, இதுலயும் ஒரு பானை பொங்குவோம். ஒரு வருசம்கூட விட்டதில்ல."

சொல்லாமல் போனவருக்காக நாற்பது வருஷம் அடுப்பெரித்த மனிதர்கள்! இவர்களை என்னவென்று புகழ? விஜயஸ்ரீ அந்தக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். தொலைந்துபோனது நாம்தான், நம்மை யாரும் தொலைக்கவில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

பேச்சித்தாய் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். "அழாத தாயி. போன வருசந்தான் எங்களுக்கு அந்த வேலையும் இல்லாமப் போச்சு. அதான் ஒம் புருசனே வந்து, தன் கையால மூட்டிட்டுப் போனானே."

விஜயஸ்ரீ நிமிர்ந்தாள். "போன வருசமா? போன உத்திரத்துக்கு அவுக ஜப்பான் பக்கம் கப்பல்ல இருந்தாவ அத்தை."

"கப்பலா? அந்தப் பையன் கப்பல் ஒண்ணும் சொல்லலயே. இருவத்தஞ்சு வயசு இருக்கும். பம்பாயிலருந்து வாரேன்னான். கோமதிநாயகம் மவன்னான். அந்த மூக்கையும் நெத்தியையும் பாத்தபொறவு நாங்க வேற என்னத்தக் கேக்க? அப்படியே அவர உரிச்சு வச்ச மாதிரி. பானைய எறக்கும்போது பொல பொலன்னு அழுதான்."

"அவுக ஒத்தப் பிள்ள அத்தை. அவுகளுக்கு வயசு முப்பத்தாறு. கூடப்பொறந்தவுக யாரும் கெடையாது."

பேச்சித்தாயின் கை விஜயஸ்ரீயின் முதுகிலேயே நின்றுவிட்டது. ராஜராஜேஸ்வரியைப் பார்த்தாள். கணேஷ்ராமைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "இந்த உத்திரத்துக்கும் வருவேன்னு சொல்லிட்டுத்தான் போயிருக்கான்."

நாளைக் காலை ஆவுடைத்தாய் வருகிறாள். முப்பத்தேழு வருஷம் கோமதிநாயகத்தோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்திய மனுஷி.

கணேஷ்ராம் தங்கையைத் தனியே இழுத்துப் போனான். "விஜி, கோயில் கெடைக்கலன்னு சொல்லிருவோம். மிஷினு கெட்டுப்போச்சுன்னு நான் பழிய ஏத்துக்கிடுதேன். ஒன் மாமியா இங்கன வந்து அந்தப் பையனப் பாத்தா அந்த மனுசி தாங்குமா? மொட்டைய அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்."

விஜயஸ்ரீ ராஜராஜேஸ்வரி பக்கம் திரும்பினாள். "மதினி, நீங்க சொல்லுங்க."

எதற்கும் விடை வைத்திருப்பவள் ராஜராஜேஸ்வரி. ஆனால் இப்போது தலையை ஆட்டினாள். "இது எனக்குத் தெரியாது விஜி. ஒங்க வீட்டு அடுப்பு. நீதான் சொல்லணும்."

குழலி ஒன்பதாவது அடுப்பின் அருகே குந்தி, போன வருஷத்துச் சாம்பலில் விரல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். முடி மண்ணில் புரண்டது. விஜயஸ்ரீ போய் மகளைத் தூக்கினாள். முடியை அள்ளிக் கொண்டையாகச் சுற்றினாள்.

"நாளைக்கு எங்க அத்தை ரயில்லருந்து எறங்குன ஒடனே கூட்டிக்கிட்டு வாரோம் அத்தை" என்றாள் பேச்சித்தாயிடம். "ரெண்டு பானையாக் கொண்டாரோம். ஒண்ணு எங்களுக்கு. ஒண்ணு அந்தப் பிள்ளைக்கு."